டிரிம் கேஜ் முள் தாறுமாறாக ஆடுகிறதா? அவுட்போர்டு மோட்டாரில் கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

அவுட்போர்டு மோட்டார் எந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கிறது என்று காட்டும் டிரிம் கேஜின் முள் காரணமில்லாமல் துள்ளினாலோ, ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டாலோ, மோட்டாரை எவ்வளவு தூக்கினாலும் பாதியிலேயே நின்றாலோ பலரும் முதலில் வாங்குவது புது கேஜ். பெரும்பாலும் அந்தப் பணம் வீண். கேஜ் டாஷ்போர்டில், ஓரளவு காய்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்குத் தகவல் அனுப்பும் சென்சாரோ, மோட்டாரைப் படகின் பின்சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் பிராக்கெட்டுக்குள், உப்புத் தண்ணீர் நேரடியாக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பல மீட்டர் வயரும் மூன்று நான்கு இணைப்புகளும் உண்டு. கோளாறு பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே அளந்து பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் இந்தக் கோளாறு அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. படகைக் கழுவிக் காயவைத்து மாதக்கணக்கில் மூடிவைக்கும் பருவம் இங்கே கிடையாது. ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் குறைவதில்லை. பொங்கோல், சாங்கி, துவாஸ் பக்கம் தண்ணீரிலேயே கட்டிவைக்கப்படும் படகுகளில் வயர் முனைகள் முழுதாக உலர்வதே இல்லை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, அது உறைக்குள்ளேயும் ஊர்ந்து போய்விடுகிறது.

கேஜ் இல்லாமலும் படகு ஓடும் என்பது உண்மைதான். அனுபவமுள்ளவர் படகின் முன்பகுதி எழும் விதத்தையும் ஸ்டீயரிங்கின் கனத்தையும் வைத்தே டிரிம் செய்துகொள்வார். ஆனால் புலாவ் உபின் தீவின் ஓரச் சதுப்புநிலங்களில் வற்றம் நேரத்தில் மெதுவாக நுழையும்போது மோட்டாரை எவ்வளவு தூக்கியிருக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். அதிகமாகத் தூக்கினால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடும், மோட்டார் சூடாகிவிடும்.

சுற்று வேலை செய்யும் விதம்

அனலாக் கேஜின் பின்பக்கம் மூன்று முக்கிய முனைகள் உண்டு. ‘ஐ’ என்று குறித்தது சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் வரும் முனை. ‘ஜி’ நெகட்டிவ். ‘எஸ்’ சென்சாரிலிருந்து வரும் வயர். விளக்குக்குத் தனி முனை இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் முறையில் இழுத்த வயரிங்கில் இக்னிஷனுக்கு ஊதா, நெகட்டிவுக்குக் கறுப்பு, டிரிம் சென்சாருக்குப் பழுப்பில் வெள்ளைக் கோடு. மெர்குரி மோட்டார்களில் இந்தப் பழுப்பு வெள்ளை வயரைப் பார்க்கலாம். யமஹாவில் சென்சார் வயர் பெரும்பாலும் இளஞ்சிவப்பு. இதில் ஒரு குழப்பம் வரும்: அதே ஏபிஒய்சி முறையில் இளஞ்சிவப்பு எரிபொருள் கேஜுக்கான நிறம். அதனால் நிறத்தை மட்டும் நம்பி எதையும் கழற்றாதீர்கள். கை மாறி வந்த பழைய படகென்றால், முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்திருக்கவும் கூடும். ‘எஸ்’ முனையிலிருந்து வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதே நம்பகமான வழி.

சென்சார் என்பது மோட்டார் ஏறி இறங்கும்போது கூடவே திரும்பும் ஒரு மாறும் மின்தடை. ஒரு கடைசியில் சுமார் 10 ஓமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். மறு கடைசியில் பிராண்டைப் பொறுத்து நூறு ஓம் அளவிலோ சில நூறு ஓம் அளவிலோ வரும். சரியான எண்ணுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். கோளாறைத் தேட அந்த எண் அவசியமில்லை. மதிப்பு சீராக ஏறி இறங்குகிறதா என்பதே கேள்வி.

கேஜுக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றிய சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் மின்னோட்டங்களின் விகிதத்தைப் பொறுத்தே முள் நிற்கும். அதனால் பேட்டரி 12.5 வோல்ட்டிலிருந்து சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டுக்குப் போனாலும் முள் பெரிதாக நகரக்கூடாது. நகர்ந்தால் நெகட்டிவ் இணைப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: இந்த வகைக் கேஜ்கள் பலவற்றில் சாவியை அணைத்த பிறகு முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அணைத்த நிலையில் முள் காட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முள் ஆடும் விதத்திலிருந்து தொடங்குங்கள்

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் சாவியைப் போட்டு, மோட்டாரை மெதுவாக மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முள் எப்போது துள்ளுகிறது, எப்படித் துள்ளுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் துள்ளினால் சென்சாருக்குள் இருக்கும் தடைப்பாதை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. படகு ஓடும்போது மோட்டார் பெரும்பாலான நேரம் ஒரு குறுகிய கோணத்துக்குள்ளேயே இருக்கும். அந்த இடத்தில்தான் உள்ளேயிருக்கும் தொடுமுனை அதிர்ந்து அதிர்ந்து பாதையைத் தின்றுவிடும். முழுக்க இறங்கிய நிலையிலும் முழுக்கத் தூக்கிய நிலையிலும் முள் ஒழுங்காக நிற்கும், நடுவில் மட்டும் பேயாட்டம் ஆடும்.

கோணத்துக்குச் சம்பந்தமில்லாமல், அலையில் படகு அடிபடும்போதோ என்ஜின் வேகம் ஏறும்போதோ துள்ளினால் தளர்ந்த இணைப்பையோ உறைக்குள் அறுந்த வயரையோ தேடுங்கள். மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ மட்டும் ஆடி, வெயிலில் காய்ந்ததும் சரியானால் ஏதோ ஒரு கனெக்டருக்குள் தண்ணீர் நிற்கிறது.

டிரிம் பொத்தானை அழுத்தும் நேரத்தில் மட்டும் முள் ஒரு பக்கம் சாய்ந்து, விட்டதும் திரும்பினால், அது நல்ல துப்பு. டிரிம் பம்ப் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த நெகட்டிவ் கேபிளின் முனை அரித்துப்போயிருந்தால், அந்த மின்னோட்டத்தில் என்ஜின் பிளாக்கின் மின்னழுத்தம் பேட்டரி நெகட்டிவைவிடச் சற்று உயர்ந்துவிடும். சென்சாரின் நெகட்டிவ் என்ஜினில் இருக்கிறது, கேஜின் நெகட்டிவ் டாஷ்போர்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அரை வோல்ட் வேறுபாடு வந்தாலும் முள் நகரும். கடல் விளக்கையோ, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பையோ போட்டதும் முள் நகர்ந்தால் அதே கதை டாஷ்போர்டுப் பக்கம் நடக்கிறது: எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் மெல்லிய நெகட்டிவ் வயரைச் சந்தேகப்படுங்கள். டிரிம் மட்டுமில்லாமல் எரிபொருள் கேஜும் ஆர்பிஎம் மீட்டரும் சேர்ந்து ஆடினால் சென்சார் பக்கம் போகவே வேண்டாம். பொது நெகட்டிவ் அல்லது இக்னிஷன் வழியில்தான் கோளாறு.

முள் ஒரே ஓரத்தில் அசையாமல் நின்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மோட்டாரின் உலோக உடலில் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். முள் பொய் சொல்கிறதா, அல்லது மோட்டாரே மெதுவாக இறங்குகிறதா? ஹைட்ராலிக் சீல் கசிந்தாலோ, கையால் இறக்குவதற்கான ரிலீஸ் ஸ்குரூ முழுதாக இறுகாமல் இருந்தாலோ மோட்டார் தானாகக் கீழே வரும். கேஜ் அதை உண்மையாகவே காட்டும். மோட்டாரைப் பாதி தூக்கி, கிளாம்ப் பிராக்கெட்டிலும் அசையும் ஸ்விவல் பிராக்கெட்டிலும் ஒரே நேர்கோட்டில் டேப்பை ஒட்டிக் கோடு போட்டு, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கோடு விலகியிருந்தால் வேலை ஹைட்ராலிக்கில் இருக்கிறது. டிரிம் எண்ணெய் அளவைப் பார்க்கும்போது பெரும்பாலான மாடல்களில் மோட்டார் முழுக்க மேலே இருந்து, தாங்கு நெம்புகோல் பூட்டியிருக்க வேண்டும். கீழே இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் எண்ணெய் பீச்சியடிக்கும்.

விரல்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

பல மோட்டார்களில் மூடியின் பக்கத்தில் ஒரு டிரிம் பொத்தான் உண்டு. அது சாவி அணைந்திருந்தாலும் வேலை செய்யும். பிராக்கெட்டுகளுக்கு நடுவே கையை விட்டிருக்கும்போது யாராவது தெரியாமல் அதன்மேல் சாய்ந்தால் விரல் போய்விடும். ஆகவே பிராக்கெட்டுக்குள் கை போகும் ஒவ்வொரு முறையும் பேட்டரி மெயின் சுவிட்சை அணையுங்கள், தாங்கு நெம்புகோலைப் பூட்டுங்கள், அதற்குமேல் ஒரு கட்டையையும் முட்டுக்கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தூக்கிய மோட்டாருக்கு அடியில் கை வைக்காதீர்கள். அளக்கும்போது மின்சாரம் தேவைப்படும் சோதனைகளில் ஒருவர் பொத்தானிலும் மற்றவர் மீட்டரிலும் இருங்கள். மீட்டர் முனைகளை முதலை கிளிப் போட்டு மாட்டிவிட்டுத் தள்ளி நின்று படியுங்கள்.

படகு பெர்த்தில் மிதந்துகொண்டிருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் கையிலிருந்து நழுவும் ஸ்குரூ நேராகத் தண்ணீருக்குள் போகும். மோட்டாருக்குக் கீழே ஒரு துணியை விரித்துக் கட்டுங்கள். உலர் நிறுத்தத்தில் இருக்கும் படகென்றால் இன்னும் சௌகரியம்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர் (குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் நல்லது), முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் அதுவும், முதலை கிளிப் வயர்கள், பேட்டரி நெகட்டிவிலிருந்து டாஷ்போர்டுவரை எட்டும் ஒரு நீண்ட வயர், சிறு கண்ணாடி, டார்ச், கான்டாக்ட் கிளீனர், டைஎலக்ட்ரிக் கிரீஸ், பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் இணைப்பான்கள், ராட்செட் கிரிம்பர். டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடியில் இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். கண்ணிமைக்கும் நேர அறுபடலை அது தவறவிடும். முள் மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுற்றை இரண்டாக வெட்டுங்கள்

முதல் அளவு கேஜின் பின்னால். சாவியைப் போட்டு ‘ஐ’, ‘ஜி’ முனைகளுக்கு நடுவே வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரி முனைகளில் நேரடியாக அளந்ததைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது. எந்தப் பக்கம் என்று தெரிய, நீண்ட வயரைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனைக்கும் கேஜின் ‘ஜி’ முனைக்கும் நடுவே வோல்ட்டேஜ் எடுங்கள். கடல் விளக்கு, பில்ஜ் பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் கெட்ட இணைப்பும் நல்லதாகவே தெரியும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டாஷ்போர்டு நெகட்டிவைச் சுத்தம் செய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள். அதேபோல் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கும் நடுவே வைத்து, டிரிம் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் முனைகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரியில் சிறகு நட்டு இருந்தால் அதைத் தூக்கிப்போட்டு, அறுகோண நட்டும் லாக் வாஷரும் போடுங்கள். சிறகு நட்டைக் கையால் எவ்வளவு இறுக்கினாலும் அலையில் தளர்ந்துவிடும்.

அடுத்தது கேஜின் நேர்மை. ‘எஸ்’ முனையிலிருந்து வயரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டால் முள் ஒரு ஓரத்துக்குப் போகும். இப்போது ஒரு கிளிப் வயரால் ‘எஸ்’ முனையை ‘ஜி’ முனையோடு ஒரு நொடி தொடுங்கள்; முள் மறு ஓரத்துக்குப் போக வேண்டும். எந்த ஓரம் எது என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். இரண்டு ஓரத்துக்கும் தயங்காமல் போய் ஆடாமல் நின்றால் கேஜ் நலமாக இருக்கிறது. மறந்தும் ‘ஐ’ முனையை ‘எஸ்’ வயரோடு தொட்டுவிடாதீர்கள். 10 ஓம் நிலையில் இருக்கும் சென்சாருக்குள் 12 வோல்ட் நேராகப் போனால் 14 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். அந்த மெல்லிய தடைப்பாதை நொடியில் கருகிவிடும்.

நடு நிலைகளையும் சோதிக்க விரும்பினால் 10, 47, 100, 220 ஓம் மின்தடைகளை ஒவ்வொன்றாக ‘எஸ்’ முனைக்கும் ‘ஜி’ முனைக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். 1 வாட் அளவில் வாங்குங்கள். ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில் இவை சில்லறை விலைக்குக் கிடைக்கும். கிளிப் வயர்களையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மதிப்புக்கும் முள் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

இரட்டை மோட்டார் படகில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. கேஜ்களின் பின்னால் இரண்டு ‘எஸ்’ வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். துள்ளல் மறு கேஜுக்குத் தாவினால் கோளாறு மோட்டார் பக்கம். அதே கேஜிலேயே தங்கினால் கேஜையோ அதன் நெகட்டிவையோ பாருங்கள்.

சென்சாரையும் வயரையும் பிரித்தறிதல்

கேஜிலிருந்து கழற்றிய ‘எஸ்’ வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே ஓம் அளவையில் மீட்டரை வையுங்கள். வயர் கேஜோடு இணைந்திருக்கும்போது ஓம் அளக்கக்கூடாது. எண் தப்பாக வரும், மீட்டரும் கெடலாம். உதவியாளர் மோட்டாரை முழுக்க இறக்கிவிட்டு மெதுவாக மேலே ஏற்றட்டும். பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்தில் நெகட்டிவ் கேபிளில் ஏற்படும் சிறு வோல்ட்டேஜ் மாற்றம் ஓம் அளவைக் குழப்பும். அதனால் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, படித்து, மறுபடி தூக்கி என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் படியுங்கள். எண்கள் ஒரே திசையில் ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மீட்டர் ‘திறந்த சுற்று’ காட்டினாலோ, எண் முன்னும் பின்னும் தாவினாலோ சிக்கல் இந்தப் பாதையில்தான்.

இப்போது மோட்டார் மூடியைக் கழற்றி, சென்சார் வயர் என்ஜினின் வயர்க் கட்டான ஹார்னஸோடு சேரும் கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கம் அதே அளவை மறுபடி எடுங்கள். இங்கே சீராக இருந்து டாஷ்போர்டில் மட்டும் தாவினால் நடுவிலிருக்கும் வயரும் கனெக்டர்களும் குற்றவாளிகள். இங்கேயே தாவினால் சென்சார், அல்லது சென்சாரிலிருந்து வரும் குட்டி வயர்.

அந்தக் குட்டி வயரை அலட்சியம் செய்ய வேண்டாம். மோட்டார் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அது வளைகிறது. உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மோட்டாரை ஒரு நிலையில் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயரை ஒரு விரற்கடை நீளமாக அசைத்துக்கொண்டு போங்கள். எண் தாவும் இடத்தில்தான் அறுபடல். பிராக்கெட்டுக்குள் வயர் நுழையும் வாய், கேபிள் டை மிக இறுக்கமாகக் கட்டிய இடம், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது உரசும் இடம் ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலும் அறுகிறது.

சில சென்சார்களுக்கு இரண்டு வயர். சிலவற்றுக்கு ஒரே வயர்தான், நெகட்டிவ் பிராக்கெட்டின் உலோகம் வழியாகவே போகும். ஒற்றை வயர் வகையில் பிராக்கெட்டுகளை இணைக்கும் சிறு எர்த் வயர்களைப் பாருங்கள். அவை அறுந்தால் மின்னோட்டம் கிரீஸ் பூசிய சுழல்தண்டு வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் மின்தடை மாறும், முள் ஆடும். சோதிக்க, சென்சாரின் உடலிலிருந்து என்ஜின் பிளாக்குக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுங்கள். முள் அடங்கினால் எர்த் வயரை மாற்றினால் போதும், சென்சாருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

இணைப்பைச் சீர்செய்தல்

கனெக்டருக்குள் உப்பு படிந்திருந்தால் நேராகக் கான்டாக்ட் கிளீனரை அடிப்பது பலரும் செய்யும் தவறு. உப்பு தண்ணீரில்தான் கரையும், அந்த ரசாயனத்தில் கரையாது. மின்சாரத்தை அணைத்து, முதலில் டிஸ்டில்டு தண்ணீரால் நன்றாகக் கழுவி, காயவைத்து, பிறகு கிளீனரைப் பயன்படுத்துங்கள். பின்களில் களிம்பு இருந்தால் மெல்லிய பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். பெண் முனை விரிந்திருந்தால் சற்றே நெருக்கிவிடுங்கள். கடைசியாக டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீரை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. இறுக்கமாகப் பொருந்தும் பின்கள் கிரீஸை விலக்கிக்கொண்டு தொடும். தளர்ந்த பின்களில் அப்பி அடைத்தால் இருக்கும் தொடர்பும் போய்விடும்.

வயரை வெட்டிச் சேர்க்க வேண்டுமென்றால், உறையை உரித்துப் பார்த்து, கறுத்த செம்பு முடிந்து பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். சில நேரம் ஒரு சாணுக்கு மேல் போகும். மனம் தளர்ந்து பாதியில் நிறுத்தினால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். புது வயர் வெள்ளீயம் பூசிய கடல் தர வயராக இருக்கட்டும். 1 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் தாராளமாகப் போதும். வீட்டு மின்வேலைக்கான திருகு இணைப்பான்களையும் கறுப்பு டேப்பையும் படகில் பயன்படுத்தாதீர்கள். டேப் தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும். பசை பூசிய இணைப்பானை கிரிம்ப் செய்து, சூடேற்றி, இரு முனைகளிலும் பசை கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே விடுங்கள்.

சென்சாரை மாற்றுதல்

மோட்டாரை முழுக்கத் தூக்கிப் பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்து சென்சாரைப் பாருங்கள். அதன் கை உடைந்தோ வளைந்தோ இருக்கிறதா, பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா, சிப்பியோ பார்னக்கிளோ வளர்ந்து கையைத் தடுக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். தளர்ந்த ஸ்குரூவை இறுக்கியதோடு முடிந்துவிடும் வேலைகளும் உண்டு.

கழற்றும் முன் பழைய சென்சார் இருந்த கோணத்தை மார்க்கரால் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்குள் போன துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ உப்புத் தண்ணீரில் இறுகிப்போயிருக்கும். முதல் நாளே ஊடுருவும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். ஸ்குரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் முனையை வைத்து, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். பிறகு குறுகிய இடத்தில் துளையிட்டு எடுக்கும் பெரிய வேலையாகிவிடும். திரும்பப் போடும்போது மரைகளில் அரிப்புத் தடுப்புப் பசை பூசுங்கள்.

புது சென்சாரை வாங்கும்போது மோட்டாரின் மாடலையும் சீரியல் எண்ணையும் கொடுத்து வாங்குங்கள். ஓம் வரம்பு மாறினால் பொருத்தமாக உட்கார்ந்தாலும் கேஜ் தப்பாகவே காட்டும். கேஜை மாற்றும்போதும் அதே கவனம் வேண்டும்: 52 மில்லிமீட்டர் துளைக்குள் எல்லாக் கேஜும் போகும், எல்லாம் உங்கள் சென்சாரோடு ஒத்துப்போகாது. இரண்டு ஓட்டுநிலைகள் இருக்கும் படகில், ஒற்றைக் கேஜுக்கான சென்சாரில் இரண்டு கேஜ்களை மாட்டினால் இரண்டுமே தவறாகக் காட்டும்.

பொருத்தும்போது ஸ்குரூக்களைப் பாதி இறுக்கி, மோட்டாரை முழுக்க இறக்கி, கையேடு சொல்லும் ஓம் மதிப்பு வரும்வரை, அல்லது கேஜின் முள் கீழ்க் கோட்டில் நிற்கும்வரை, சென்சாரைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இறக்கிய நிலையில் கை எட்டாத மாடல்களில் தூக்கி, கொஞ்சம் திருப்பி, இறக்கிப் பார்த்து, மறுபடி தூக்கி என்று பொறுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நெம்புகோலும் மெயின் சுவிட்சும் மறக்கக்கூடாது. வயரைக் கட்டும்போது மோட்டார் முழுக்க மேலே இருக்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்கும் விறைக்காமல் தொய்வாக இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

டிஜிட்டல் திரை இருந்தால்

புதிய மோட்டார்களில் சென்சார் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கி, கோணத்தை ஒரு வோல்ட்டேஜாக என்ஜின் கணினிக்கு அனுப்பும். இங்கே ஓம் சோதனை பலனளிக்காது. ‘எஸ்’ முனையைத் தொட்டுப் பார்க்கும் வித்தையையும் செய்யவே கூடாது. கனெக்டரைப் பிரிக்காமல் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையால் சிக்னல் வயரின் வோல்ட்டேஜைப் பாருங்கள். மோட்டார் ஏறும்போது அது தாவாமல் சீராக நகர வேண்டும்.

எண் ஒரே அளவு விலகி நின்றால் பழுதென்று எண்ண வேண்டாம். திரையின் மெனுவில் டிரிம் அளவீட்டைப் புதிதாகச் செய்யுங்கள். முழுக்க இறக்கிய நிலை, முழுக்கத் தூக்கிய நிலை இரண்டையும் அது கேட்டு வாங்கிக்கொள்ளும். டிரிம் மட்டுமின்றி ஆர்பிஎம், வெப்பநிலை எல்லாமே அவ்வப்போது கோடுகளாக மாறினால் படகின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 வலையமைப்பைப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, முதுகெலும்புக் கேபிளின் இரு டேட்டா வயர்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும். இரு முனைகளிலும் இருக்கும் 120 ஓம் டெர்மினேட்டர்கள் இணையாகச் சேர்ந்து தரும் மதிப்பு அது. 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது அல்லது நடுவில் எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது.

கடலில் சோதனை

பெர்த்தில் நிற்கும்போது சரியாகத் தெரிந்தாலும் அதிர்வில்தான் உண்மை வெளிவரும். கப்பல் வழித்தடங்களிலிருந்து விலகிய இடத்தில், கூட ஓர் ஆளோடு, மெதுவான வேகத்தில் தொடங்கி, பிறகு படகு நீர்மேல் எழுந்து ஓடும் வேகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் முள்ளைப் பார்க்கட்டும். ஓட்டுபவரின் கண் கடலைவிட்டு விலகக்கூடாது. டிரிமை ஒரே இடத்தில் வைத்து வேகத்தை மாற்றுங்கள். பிறகு வேகத்தை மாற்றாமல் டிரிமை நகர்த்துங்கள். கடைசியாக பில்ஜ் பம்ப், விளக்கு, விஎச்எஃப் ரேடியோ ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ரேடியோவில் பேசும்போது மட்டும் முள் துடித்தால் ரேடியோவின் மின்வழி கேஜோடு பகிரப்பட்டிருக்கிறது. ரேடியோவுக்குத் தனி நெகட்டிவும் ஃபியூஸும் கொடுங்கள்.

கரை திரும்பியதும் பிராக்கெட் உட்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தக் குழாயைச் சென்சாருக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். சில பயணங்களுக்குப் பிறகு சென்சார் ஸ்குரூக்களையும் கேஜ் முனை நட்டுகளையும் ஒருமுறை தொட்டு இறுக்கிப் பாருங்கள். மோட்டார் இறங்கிய நிலை, நடுநிலை, தூக்கிய நிலை மூன்றிலும் அளந்த ஓம் மதிப்புகளை நீரில் அழியாத மார்க்கரால் டாஷ்போர்டு மூடியின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை முள் ஆடினால் அந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டாலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.